நீல லாரியில் கையகலச் சிவப்பு

ஈப்போவில் எங்கள் பட்டறையில் எண்ணெய்க் கை துடைக்கிற துணியெல்லாம் திருப்பூரிலிருந்து வருவது. பனியன் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள். அந்த ஊரில் அதற்குப் பெயர் பனியன் வேஸ்ட். மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வரும். அனுப்புகிறவர் சிவக்குமார், பல வருடப் பழக்கம், ஆனால் போனில் மட்டும்தான். போன வருடம் "மூட்டை ரெடிங்க சார்" என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். மூட்டைகளை யார் பார்த்தார்கள்? அவற்றுக்குப் பின்னால், தேங்காய்க் குவியலுக்கு மேலே, ஒரு பழைய லாரியின் மூக்கு தெரிந்தது. வாயில் வைத்த ரொட்டி சானாய் வாயிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் பழைய பிரிட்டிஷ் லாரிகள். என் மனைவி அதைப் பைத்தியம் என்று சொல்வதில்லை, சக்களத்தி என்கிறாள். பட்டறையின் பின்பக்கம் கேரோபி என்ற லாரி ஒன்று நிற்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி கொஞ்ச காலம் லாரி செய்துவிட்டு இழுத்து மூடிவிட்டுப் போனது. முழு கேரோபி உலகத்தில் எங்குமே இல்லை என்று அங்கே பழைய லாரிப் பிரியர்கள் நடத்துகிற சங்கம் சொல்கிறது. என்னுடையது ஒரு ஈயச் சுரங்கக் குட்டையோரம் கிடந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் அசல். கழற்றிப் பூட்டி ஓடவும் வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் துரு. முன் அச்சு இல்லை. ஓட்டுநர் உட்காரும் கேபின் இல்லை. அடிச்சட்டத்தில், அதாவது சேசிஸில், எண் வெட்டியிருக்க வேண்டிய இடத்தில் கை நுழைகிற ஓட்டை.

அந்த எண்தான் எல்லாம். எஞ்சினை மாற்றலாம், கேபினை மாற்றலாம். சேசிஸ் எண் எங்கே இருக்கிறதோ அதுதான் வண்டி, மற்றதெல்லாம் உதிரி. சங்கத்தின் சட்டம் அது. நானும் பல பேரிடம் பெரிய மனுஷத் தோரணையில் அந்தச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறேன்.

சிவக்குமாரிடம் கேட்டேன். "அது எங்கப்பா வாங்குனதுங்க. காங்கேயத்துல அக்காவோட தேங்காக் களத்துல நிக்குது, மூட்டையும் அங்கதான் அடுக்கி வெப்போமுங்க. வேணும்னா எடுத்துக்கோங்க சார், எடத்தத்தான் அடச்சுட்டு நிக்குது" என்றார். பல லாரிகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒட்டுப்போட்ட வண்டியாக இருந்தால் மூக்கு, கேபின், முன் அச்சு மூன்றையும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அசல் கேரோபியாக இருந்தால்... அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அசலாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். ஒன்றுதான் மிஞ்ச வேண்டும் என்றால் அது என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

திருப்பூரில் முதல் நாள் காலை. "ஓட்டல் வாசல்லயே நில்லுங்க, வேன் அனுப்பறேன்" என்றிருந்தார் சிவக்குமார். நின்றேன். வேன் வந்தது. ஏறினேன். காலை வேளையில் அந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதி கம்பெனி வேன்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே மடியில் சாப்பாட்டு டப்பாவோடு பெண்கள். முன் சீட்டில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த பெண்ணிடம் என்னவென்று கேட்டேன்.

"புது சூப்பர்வைசர் போலிருக்கு, தலை நரைச்சவரு, அவ்வளவா கத்த மாட்டாருன்னு சொல்லுதானுவ" என்றாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இந்தியை இங்கே வந்து தையல் மிஷின் பக்கத்திலேயே கற்றுக்கொண்டாளாம். "நீங்க எந்த செக்ஷன் சார்?"

"லாரி" என்றேன்.

"லோடிங்கா? இந்த வயசுலயா?" என்று இரக்கப்பட்டு, தன் டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கைக் கொடுத்தாள்.

கம்பெனி வாசலில் எல்லோரும் வரிசையில் நின்று மிஷினில் விரல் வைத்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் வைத்தேன். மிஷின் என்னை ஏற்கவில்லை. "சாருக்கு இன்னும் ஐடி போடலீங்களா?" என்று வாட்ச்மேன் எனக்காக வருத்தப்பட்டார், உட்கார வைத்து டீயும் பன்னும் வரவழைத்தார். பன் பாதி போயிருக்கும், போன் அடித்தது. "சார், வேன்காரன் ஓட்டல் வாசல்ல நிக்கறானுங்க. நீங்க எங்கீங்க இருக்கறீங்க?" என்றார் சிவக்குமார். நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்றேன். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவன் இப்படித் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் போலீஸ்தான் வரும். இங்கே பன் வந்தது. இரண்டாவது டீயும் வந்தது.

சிவக்குமார் நான் நினைத்ததைவிட ஒல்லி. ஒரு காதில் போன், இன்னொரு கையில் இன்னொரு போன். "லேபிள் வல்லீங்க, ஷிப்மெண்ட் நிக்குது" என்று அதில் கெஞ்சிக்கொண்டே இதில் என்னை நலம் விசாரித்தார். மதியம் மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு. சூடாக, மேலே நெய். போதும் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையை இலைக்குக் குறுக்கே வைத்தேன். பரிமாறியவர் என் விரல்களுக்கு இடையிலேயே நெய்யை ஊற்றினார். அந்த ஊரில் இன்னொரு தப்பிக்க முடியாத விஷயம், "உங்களுக்குப் பூர்வீகம் எதுங்க?" என்ற கேள்வி. ஈப்போ என்றால் திருப்தி இல்லை. "அதுக்கு முன்னால?" என்பார்கள். எனக்குத் தெரியாது என்றால், "பரவால்லீங்க" என்று என்னை மன்னித்துவிடுவார்கள்.

மறுநாள் காங்கேயம். ஊருக்கு வெளியே ஒரு களம். தரை முழுக்கப் பிளந்த தேங்காய் வெள்ளை வெளேர் என்று காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து ஓட்டிலிருந்து பருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். களத்தை நடத்துவது சிவக்குமாரின் அக்கா சாவித்திரி. அப்பா களத்தை மகளுக்கும் டவுன் இடத்தை மகனுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "வாங்கண்ணா, வாங்க" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. என் கண் லாரி மேல்.

லாரி நீலமாக இருந்தது. பளபளவென்று, நேற்று அடித்த எனாமல் நீலம். மூக்கில் மாவிலை, நெற்றியில் மல்லிகைச் சரம்.

"நீங்க வரீங்கன்னு பெயிண்ட் அடிச்சு வெச்சோமுங்க" என்றார் சிவக்குமார். "அத்தன தூரத்துல இருந்து வர்றவிங்க முன்னால பழசா நின்னா மரியாதையா இருக்குமுங்களா? உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சுட்டுத்தான் அடிச்சாங்க."

பழைய வண்டியை அடையாளம் காண்கிறவனுக்குப் பழைய பெயிண்டுதான் சாட்சி. அந்தச் சாட்சியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். கத்தலாம் போல இருந்தது. கையில் சொம்பு இருந்ததால் தண்ணீரைக் குடித்தேன்.

அடுத்தது பித்தளைத் தகடு. கம்பெனி பெயரும் எண்ணும் பொறித்து முன்பக்கம் அறைந்திருப்பார்கள். சாவித்திரி பெருமையாகக் காட்டினார். தங்கம் மாதிரி மின்னியது. என் முகம் தெரிந்தது. எழுத்து மட்டும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

"எழுத்து இருந்ததாம்மா?"

"நான் சின்னப் புள்ளையா இருக்கீல இருந்துச்சுங்ணா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புளி போட்டுத் தேப்பனுங்க. வெளக்கத் தேச்சுட்டு அப்பிடியே இதையும் தேச்சுருவேன். போகப் போக எழுத்து போயிருச்சு."

நான் சட்டையைக் கழற்றிவிட்டு லாரிக்கு அடியில் படுத்தேன். சக்கர போல்ட் கேரோபி மாதிரிதான் இருந்தது. ஆனால் அதே போல்ட் வேறு இரண்டு கம்பெனியிலும் உண்டு. ஸ்பிரிங் பட்டை உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் அடித்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் இருக்க வேண்டிய இடம் காலி. முதலில் தேங்காய்ப் பருப்பு ஏற்றிய வண்டி, பிறகு டாங்க் பூட்டிச் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் அடித்திருக்கிறது. அசல் எஞ்சின் போய், டீசல் எஞ்சின் வந்து, அதுவும் போய்விட்டது. பாதி அடையாளம் ஆம் என்றது, பாதி இல்லை என்றது. சேசிஸ் எண் அடியிலிருந்து பார்த்தவரை கண்ணில் படவில்லை, அதற்கு மேல் நான் தேடவும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒட்டுப்போட்ட வண்டிதான் போலிருக்கிறது என்று வெளியே வந்து அறிவித்தேன். சிவக்குமார் உடனே ஒரு போனை எடுத்து, கேஸ் கட்டிங் ஆளை மறுநாள் காலை வரச்சொன்னார்.

சாவித்திரி உள்ளே போய் இலை போட்டார். சாப்பிடக் கூப்பிட்டார். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார். எங்கள் ஊர் இடியாப்பமான புத்து மாயாமுக்கு அக்கா முறை என்று சொல்லலாம்; அக்காதான் அழகு. நான் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டபோது அவரே பேசினார்.

"இதுலதாணுங்ணா நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். தேங்காக் குமிக்கு நடுவுல முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுவனுங்க. அப்பா பக்கத்துல நின்னு ஓடி வருவாரு. ஆனா கேட்டத் தாண்டி ஒரு நாளும் உட்டதில்லீங்க. ரோட்டுல பொம்பளப்புள்ள லாரி ஓட்டுனா நாலு பேரு பேசுவாங்கன்னு."

"அப்புறம் ஓட்டவே இல்லையா?"

"காரு ஓட்டறனுங்க. அது வேறைங்ணா" என்றார். இலையை எடுக்கப் போனவர், திரும்பிப் பார்க்காமலே, "அந்தத் தகட மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போங்க. அதுலதான் எழுத்து இல்லீங்களே, உங்களுக்கு ஆகாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். 

மூன்றாம் நாள் காலை கட்டிங் ஆள் சிலிண்டரோடு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சுண்ணாம்புக் கட்டியால் வெட்ட வேண்டிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வலது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே, சேசிஸின் நுனியில் சுண்ணாம்பு நகரவில்லை. குனிந்து பார்த்தேன். அத்தனை நீலத்துக்கு நடுவில் கையகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு. பெயிண்டர் அதைச் சுற்றி வளைத்து அடித்திருந்தார். அதன் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

"அதுங்களா" என்றார் சிவக்குமார். "பொட்டு வெச்ச எடத்துல பெயிண்ட் அடிக்க மாட்டேன்னுட்டானுங்க பெயிண்டரு. நானும் உட்டுட்டேன்."

பொட்டு ஏன் அங்கே? மூக்கிலல்லவா வைப்பார்கள்? சாவித்திரிதான் சொன்னார். "மொதமொதல்ல வண்டிய ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனப்ப, அங்கிருந்தவரு அந்த எடத்துல பேப்பர வெச்சு பென்சில்ல தேச்சு பிரிண்ட் எடுத்தாராமுங்க. அதுதான் வண்டியோட நெத்தின்னு எங்கப்பா முடிவு பண்ணிட்டாரு. அன்னீல இருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எண்ணெயத் தொட்டு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு... பழச யாரும் எடுத்ததில்லீங்க. மேலயே வெச்சுட்டு வர்றோம்."

சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தேன். என் லாரியில் கை நுழைகிற ஓட்டை இருப்பது இதே இடத்தில்தான். பித்தளையை அன்போடு தேய்த்து அழித்தவர்கள், இந்த இடத்தை அன்போடு மூடி வைத்திருக்கிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று அந்தக் களத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கோட்டை இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டு, வெட்டப்பா என்று சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"இதை எடுத்துப் பார்க்கலாமாம்மா?" என்றேன்.

சாவித்திரி யோசித்தார். கை கழுவிவிட்டு வந்தார். தேங்காயெண்ணெயைச் சூடு காட்டி, தாம்பாளம் ஒன்றைக் கீழே பிடிக்கச் சொல்லி, பனியன் துணியில் எண்ணெயை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தார். "கால் படற எடத்துல உழுகப்படாதுங்ணா. தென்னை மரத்து வேருல போட்டுருலாம்." பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி ஏடு ஏடாக வந்தது: சிவப்பு, மஞ்சள், கறுப்பு, மறுபடி சிவப்பு. கடைசி ஏடு வந்தபோது அடியில் இரும்பு தெரிந்தது. துரு இல்லை. கரும்பச்சையில் கம்பெனியின் சொந்தப் பெயிண்ட். அதில் நேற்று வெட்டியது போல எழுத்தும் எண்ணும்.

சாவித்திரி அவராகவே உள்ளே போய்ப் பேப்பரும் பென்சிலும் கொண்டுவந்தார். இன்சூரன்ஸுக்கு எத்தனை வண்டிக்கு எடுத்திருப்பார்! பேப்பரை வைத்து நாலு தேய், அச்சு விழுந்துவிட்டது. என்னிடம் நீட்டினார்.

"என்னங்ணா எழுதியிருக்குது?"

முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேரோபி. ஒட்டு இல்லை, கலப்பு இல்லை.  சுரங்கக் குட்டையிலிருந்து நான் இழுத்து வந்தது, மனைவியிடம் ஏச்சு வாங்கியது, விரல் நசுங்கியது எல்லாம் ஒரு நொடியில் உதிரிக் கடைச் சாமானாகிவிட்டது. சட்டம் சொன்னது நான்தானே!

"இதுதான் வண்டி" என்றேன். "உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. வெட்டக் கூடாது."

 கட்டிங் ஆள்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் போலாமுங்களா?" "சாப்புட்டுட்டுப் போ சாமி" என்றார் சாவித்திரி. குரல் ஒரு மாதிரி இருந்தது. சிவக்குமார் இரண்டு போனையும் பையில் போட்டுவிட்டு, நீல பெயிண்டை விரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று திரும்பும்போது கார் வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றேன். தனியாக இருக்க வேண்டும் போலிருந்தது. பாதி வழியில் பஸ் புகை கக்கி நின்றது. நான் சும்மா இருப்பேனா? இறங்கி டிரைவரோடு தலையை உள்ளே விட்டேன். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. வேறு பெல்ட் வரும்வரை எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். சாவித்திரி கொடுத்தனுப்பிய பையைத் திறந்தேன். வெல்ல மணத்தோடு, எண்ணெயில் பொரித்த கச்சாயம். அதற்கடியில் மடித்து வைத்த வெள்ளை பனியன் துணி. எனக்கு எப்படியும் எங்காவது கை அழுக்காகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். நான் வெட்டிக்கொண்டு போக வந்தவன். அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பூ வைத்து, பெயிண்ட் அடித்து, சந்தகை பிழிந்து போட்டார்கள். கச்சாயத்தை மரத்தடியில் எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகு சாவித்திரிக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அந்த வண்டியின் எஞ்சின் என்னிடம் இருக்கிறது. கியர் பெட்டியும் இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்."

மறுமுனையில் தேங்காய் உடைபடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "உங்க வண்டிக்கு என்ன பண்ணுவீங்கண்ணா?" என்றார்.

"அதுதான் என் வண்டியும்" என்றேன்.

ஊருக்கு வந்து சொன்னதும் மனைவி நம்பவில்லை. எஞ்சினை மரப்பெட்டியில் இறக்கியபோதுதான் நம்பினாள். இடிபடாமல் இருக்கச் சுற்றிலும் எதை அடைப்பது? பட்டறையில் மூட்டை மூட்டையாக இருந்தது பனியன் வேஸ்ட்தான். திருப்பூரில் இருந்து வந்ததைத் திருப்பூருக்கே சுற்றி அனுப்பினேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வேலை நடந்தது. அங்கே ஒரு மெக்கானிக் அடியில் படுத்திருப்பார், இங்கே நான் கத்துவேன், சாவித்திரி நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் அப்பிடி இல்லீங்கறாரு" என்று என் கத்தலை மரியாதையாக்கிச் சொல்வார். நீலம் போய்க் கரும்பச்சை வந்தது. குங்குமத்தடியில் மிஞ்சியிருந்த நிறத்தைப் பார்த்துக் கலந்தது. எண்ணின் மேல் வார்னிஷ் பூசுங்கள், அதுதான் முறை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஆகட்டுமுங்ணா" என்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிவக்குமாரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. லாரி களத்தில் உறுமிக்கொண்டிருந்தது. பித்தளைத் தகடு மின்னியது. சாவித்திரி காலையிலேயே புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். சேசிஸ் நுனியில் வார்னிஷைக் காணோம். கையகலத்துக்குப் புதுச் சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன. சரி, அவர்கள் முறைதான் சரியான முறை என்று இரும்பே சொல்லிவிட்டது, நான் யார்?

சாவித்திரி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். தேங்காய்க் குவியல்களுக்கு நடுவே லாரி மெல்ல வந்தது. கேட் திறந்திருந்தது. கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, லாரி தானாக நின்றுவிட்டது போல நின்றது. பழக்கம். கால் தானாகப் பிரேக்கை மிதித்திருக்கும். வேலை செய்த பெண்கள் எல்லோரும் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "போக்கா!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சிவக்குமார் கத்தினார். குரல் உடைந்திருந்தது.

கியர் விழுகிற சத்தம் கேட்டது. என் கியர் பெட்டி, எனக்குத் தெரியாதா? லாரி கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

நான் பட்டறையில் நின்றபடியே பார்த்தேன். கண்ணைத் துடைக்க என் கையில் இருந்ததும் அந்த ஊர்த் துணிதான்.